அழுகிற பிள்ளையும் தூங்குகிற பிள்ளையும்

அம்மா மறுபடியும் செத்துப்போனாள்.

திரை முழுக்க மண் நிரம்பியது. ஸ்பீக்கரில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ‘மீண்டும் தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வந்தது. அம்மா யாரையும் கேட்காமல் அதை அழுத்தினாள்.

“கீழ எறங்குங்கம்மா. ரோட்டுக்கு வந்துட்டா தப்பிச்சிரலாம்,” என்றான் பிரதாப்.

அம்மா காதிலேயே வாங்கவில்லை. தலையில் கூடை மாட்டிய அந்தப் பெண்ணை மலைமேலேதான் ஏற்றிக்கொண்டு போனாள்.

தலவாக்கலை டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் அறை அது. நானும் பிரதாப்பும் அங்கேதான் இரண்டு வருடமாக இந்த வீடியோ கேமைச் செய்துகொண்டிருக்கிறோம். மழை நாள், மலை சரிகிறது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் ரோட்டுக்கு இறங்கித் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் மேலே ஏறி, தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடலாம்.

அவ்வளவு போதும் என்றேன் நான்.

போதாது என்றான் பிரதாப். விளையாடுகிறவனுக்கு வலிக்கிற மாதிரி ஒரு தெரிவு வேண்டுமாம். அப்போதுதான் நாலு பேர் பேசுவார்களாம். என்னைக் கேட்காமலேயே பிள்ளைக் காம்பராவுக்குள் இரண்டு சேலைத் தொட்டில்களைக் கட்டிவிட்டான். இரண்டும் அவளுடைய பிள்ளைகள். ஒன்று அழும். ஒன்று தூங்கும். ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும். எதைத் தூக்கினோம் என்பதைப் பொறுத்து கேமின் முடிவு மாறும்.

எனக்கு இந்தத் தெரிவு வியாபாரமே பிடிக்காது. மலை சரியும்போது யாரும் யாரிடமும் உனக்கு எது வேண்டும் என்று கேட்பதில்லை. கேம் செய்கிறவர்களுக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை. தெரிவு என்று ஒன்று இருந்துவிட்டால் பழி போட ஓர் ஆள் கிடைத்துவிடும். எங்கோ கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன் இரண்டு பிள்ளைகளையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்ப்பான். கொஞ்சம் அழுவான். ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்குவான்.

இதையெல்லாம் பிரதாப்பிடம் கத்தினேன். சொன்னது எல்லாம் உண்மைதான். உண்மையான காரணம் மட்டும் அதில் இல்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். அக்கரப்பத்தனைப் பக்கம் நடந்த ஒரு மண்சரிவில் தப்பியவள் என் அம்மா. அவள் விளையாடட்டும். வேண்டாம் என்று சொன்னால் தொட்டில்கள் போய்விடும். சரி என்று சொன்னால் நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கக்கூடாது.

“அவங்க மனசு கஷ்டப்படாதா தனுஷிகா?” என்று பிரதாப்பே தயங்கினான். நான்தான் பரவாயில்லை என்றேன்.

அம்மாவிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. வயது வந்த நாளிலிருந்து மனதில் கிடக்கிறது. கேட்க வாய் வந்ததில்லை. அவள் விரலாவது பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன். பெற்ற தாய்க்கு யாராவது இப்படிச் செய்வார்களா? நான் செய்தேன்.

இந்த முறை அம்மா வழுக்கவில்லை. வாய்க்காலைத் தாண்டினாள். கோயில் மேட்டைத் தாண்டினாள். பிள்ளைக் காம்பராவின் கதவு திறந்தது.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொட்டில்கள். அழுகைச் சத்தம்.

திரையின் அடியில் ‘ஒருவரை மட்டுமே தூக்கலாம்’ என்று எழுத்து ஓடியது. அம்மா உதட்டை அசைத்து அதை மெதுவாகப் படித்தாள்.

கொழுந்துக் கறை ஏறிய கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

எனக்கு வியர்த்துவிட்டது. இந்தக் குளிரில். எழுந்து போய் வயரைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் அந்த விரலிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

விரல் இறங்கவேயில்லை. கூரை உடைந்தது. மண் வந்தது. அழுகை நின்றது.

“ரெண்டுல ஒன்னத் தெரிவு செய்யணும்மா,” என்றான் பிரதாப், தணிந்த குரலில்.

அம்மா கொன்ட்ரோலரை மடியில் வைத்தாள். தையல் பிழையைக் காட்டுவதுபோலத் திரையில் விரலை வைத்துக் காட்டினாள்.

“இப்படிப் பக்கத்துல பக்கத்துல இல்ல தம்பி. அன்னைக்கு நான் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்திட்டேன். மத்தவங்க எல்லாம் முந்தி வந்து தொட்டில் கட்டிட்டாங்க. உள்ள, பால் சுட வைக்கிற அடுப்புக்கிட்ட ஒரு எடந்தான் மிச்சம். சின்னவளுக்குச் சளி. பாவம், சூட்டுல கெடக்கட்டும்னு அவள உள்ள கட்டுனேன். இவள வாசல்ல, காத்துல கட்டிட்டுப் போனேன். ஓடி வந்தப்ப வாசல் மட்டுந்தான் இருந்துச்சு.”

‘இவள’ என்று சொன்னபோது அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

பிரதாப் திரும்பினான். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

கீழே துணிக்கடைக்காரர் யாருக்கோ சிங்களத்தில் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா மறுபடியும் கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

“இதுல மாத்திக் கட்ட முடியுமா தம்பி? சின்னவள வாசல்ல?”

பிரதாப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முடியும்மா,” என்று நான்தான் சொன்னேன்.