பிரித்துத் தைத்த இடுப்பு

தையல் கடையின் ஜன்னல் வெயிலில், புது பேண்ட்டைப் போட்டுக்கொண்டு தையல்காரியின் கணவர் நிற்கிறார். நிற்பதற்கே மேசையைப் பிடித்துக்கொள்கிறார். தைத்து முடிப்பதற்குள் பத்தாமல் போன இடுப்பை அவள் மறுபடியும் பிரித்துத் தைத்திருக்கிறாள். அளவு நாடா நீள நீள அவளுக்குப் பெருமைதான். "இப்பதான் மனுஷனுக்கு உடம்பு தேறியிருக்கு" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். "சட்டையையும் கொஞ்சம் பிடிக்கணும்" என்றவர், மூச்சு வாங்கிக்கொண்டு, "தோள்ல தொங்குது" என்று முடிக்கிறார். நாடாவைத் தோளுக்கு மாற்றுகிறாள். இவ்வளவு வயிறு வைத்தவரின் தோளெலும்பு அவள் விரலில் இடிக்கிறது. அவளுடைய பார்வை மூலையிலிருக்கும் சாய்வு நாற்காலிக்குப் போகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று கொஞ்ச நாளாக அவர் அதில் உட்கார்ந்தேதான் தூங்குகிறார். குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, கால் மடிப்பைக் குத்தக் குனிகிறாள். கணுக்காலைப் பிடித்துத் திருப்பிவிட்டுக் கையை எடுக்கிறாள். கட்டைவிரல் பதிந்த இடத்தில், பிசைந்த மாவில் அழுத்தியதுபோல ஒரு குழி. தேய்த்துவிடுகிறாள். குழி அப்படியே இருக்கிறது. "என்ன, இன்னும் சதை போட்டுட்டேனா?" மேலேயிருந்து அவர் சிரிக்கிறார், சிரிப்பு இருமலாகிறது. அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறாள்.

"கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்கிறாள். "இது சதை இல்லைங்க, நீரு."