நஃபுலாவின் கொல்லை

"சுகன்யா, மொதல்ல அந்தம்மாவோட சோளக் கொல்லையக் காட்டச் சொல்லு. மத்த பேச்செல்லாம் அப்புறம்!"

மருதாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு செல்போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். குரும்பலூர்க் களத்தில், போனுக்குப் பின்னால் அவளுடைய மக்காச்சோளக் கருது குவிந்து கிடந்தது. போனுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள் நஃபுலா. கென்யாக்காரி. அவளுக்கும் மக்காச்சோள விவசாயம்தான்.

சுகன்யா மேரிக்குப் பெரம்பலூரில் ஓர் உழவர் தகவல் மையத்தில் வேலை. பல நாட்டு விவசாயிகள் எடுத்து அனுப்பும் வீடியோக்களுக்குத் தமிழில் குரல் கொடுத்து, ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். இன்றைக்கு இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

"நேர்ல நன்றி சொல்லணும்னு நீங்கதானேக்கா கேட்டீங்க? அதச் சொல்லுங்க."

சொல்லாமல் இருப்பாளா? ஐப்பசியில் படைப்புழு தலைகாட்டியதுமே, போன வருஷம் மாதிரி இதுவும் போச்சு என்று டிராக்டரை விட்டு அழிக்கக் கிளம்பியவள் மருதாயி. அப்போதுதான் நஃபுலாவின் வீடியோ வந்தது. இலையில் வெள்ளைத் திட்டு தெரிந்த அன்றைக்கே குருத்துக்குள் மணலைப் போட்டுப் புழுவைக் கொல்லுங்கள், ஓட்டை விழும்வரை காத்திருக்காதீர்கள் என்று ஒற்றை இலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தாள். மருதாயி மணல் வாளியும் கையுமாகச் செடி செடியாக அலைந்தாள். வெள்ளாமை தப்பியது.

"தாயி, நீ நல்லா இருக்கணும்! ஒன்னாலதான் எங்க வூட்டு அடுப்பு எரியுது." மருதாயி போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "என் சோளத்தையே இப்புடிக் காப்பாத்துனியே, ஒன் சோளம் எப்புடி வெளஞ்சிருக்கும்! காட்டு தாயி, கண்ணால பாக்கணும்."

சுகன்யா ஆங்கிலத்தில் கேட்டாள். நஃபுலா சிரித்துக்கொண்டே தன் கோழிகளைக் காட்டினாள். மறுபடி கேட்டதற்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். கொல்லையை மட்டும் காட்டவில்லை.

"ஏன் அண்ணி நச்சரிக்கிறீங்க?" என்றான் மருதாயியின் கொழுந்தன் அரியமுத்து. "நாம பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு கொல்லையில கட்டி வெக்கல? அங்கயும் அப்புடித்தான். வெளஞ்சு நிக்கிறதுல ஊரான் கண்ணு பட்டுடும்னு மறைக்கிறாங்க."

"அடப்பாவி, என் கண்ணா படும்? கும்புட்ட கண்ணுடா இது!" மருதாயிக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "சுகன்யா, காட்டிட்டு வேணா சுத்திப் போட்டுக்கச் சொல்லு. இல்லன்னா ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாக்குறேன்."

சுகன்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் அப்படியே சொன்னாள். நஃபுலா எழுந்து வெளியே நடந்து, போனைத் திருப்பிப் பிடித்தாள். வெறும் செம்மண்.

"ஓ, அறுத்தாச்சா!" என்றாள் மருதாயி சந்தோஷமாக.

நஃபுலா ஏதோ சொன்னாள். சுகன்யா மருதாயியைப் பார்க்காமல், போனைப் பார்த்தபடியே அதைத் தமிழில் சொன்னாள்.

"இல்லக்கா... அறுக்கறதுக்கு ஒண்ணுமே மிஞ்சலையாம். ஓட்ட விழுந்தப்புறம்தான் இவங்க மணலப் போட்டாங்களாம், மொத்தத்தையும் புழு தின்னுடுச்சாம். 'எனக்குத்தான் பிந்திப்போச்சு, எங்கயாவது ஒருத்தியாவது முந்திக்கட்டும்னுதான் அந்த வீடியோவ எடுத்தேன். உங்க சோளத்தக் காட்டுங்க, கண்ணு நெறைய ஒரு தடவ பாத்துக்கிறேன்'னு சொல்றாங்க."