ஆறு மடங்கு போதும்

"மாமா, ஆறு மடங்கு போதும். அரைக் கிலோதான். கழுத்து வலிக்காது."

"என் கழுத்து உன்கிட்ட வந்து அழுததா, மாப்பிள்ளை? அந்தப் பத்து மடங்கை எடு!"

மலையூரான டோல்மினில் வேட்டைச் சாமான் கடை நடத்தும் மிலேனாவுக்கு எரிச்சலாக வந்தது. எதிரே நிற்கும் பெரியவர் லோய்ஸேவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். பைனாகுலர் பரிசு வாங்கித் தரத்தான் அவருடைய மருமகன் தாவோரின் கூட்டி வந்திருக்கிறான். வந்த இடத்தில், இருப்பதிலேயே சின்னதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். சரியான கஞ்சப் பிசினாறி!

"மலையாட்டுக் கொம்புல வளையம் எண்ணி வயசு பார்க்கணும்னா பத்துதான் சரி," என்று பெரியவர் பக்கம் பேசினாள்.

"இவனுக்கு ஆறுக்கு மேல எண்ணத் தெரியாதும்மா. என் பொண்ணு வெஸ்னா எதைப் பார்த்து இவனைக் கட்டினாளோ!"

தாவோரின் சிரிக்கவில்லை. ஆறு மடங்கையே கட்டித் தரச் சொன்னான். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே காருக்குப் போனார்.

மிலேனாவால் பொறுக்க முடியவில்லை. "ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அவருக்குக் கை நடுங்குது, அக்கா. ஆறுல பார்த்தா காட்சி ஓரளவு ஆடாம நிக்கும். பத்துல பார்த்தா நடுக்கமும் பத்து மடங்கு ஆடும். இவ்வளவு நடுங்குதான்னு தெரிஞ்சா, அன்னைக்கே துப்பாக்கியைக் கீழ வெச்சிடுவார். வெஸ்னா செத்து ரெண்டு வருஷமாச்சு. அவருக்கு மிச்சம் இருக்கறது இந்தக் காடு ஒண்ணுதான்."

"நடுங்கற கையில துப்பாக்கியா?"

"நான் பக்கத்தை விட்டு நகர்றதே இல்லை, அக்கா."

மிலேனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நல்ல பார்வை!" என்று வாழ்த்தினாள். அந்த ஊர் வழக்கப்படி, வேட்டைக்காரர்களை வேறு எந்த வார்த்தை சொல்லியும் வழியனுப்பக் கூடாது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கையுறையை மறந்துவிட்டதாகப் பெரியவர் மட்டும் திரும்பி வந்தார்.

"நடுக்கத்தைப் பத்திச் சொல்லியிருப்பானே?"

மிலேனா திடுக்கிட்டாள்.

"எனக்குத் தெரியும்மா. போன வருஷமே எங்க சர்ச் கோபுரம் பைனாகுலர்ல ஆட ஆரம்பிச்சிடுச்சு. அன்னையிலருந்து என் துப்பாக்கியில தோட்டாவே போடறதில்லை."

"அப்புறம் எதுக்கு, பத்து வேணும்னு அவ்வளவு சண்டை?"

"சண்டை போட்டாத்தானே எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்புவான்?"

"உண்மையைச் சொல்லிட்டு வீட்டுல நிம்மதியா இருக்கலாமே. இந்த வயசுல மலை ஏறணுமா?"

பெரியவர் கதவு வழியே காரைப் பார்த்தார்.

"வெஸ்னா போனதுலருந்து யார்கூடவும் பேசாம, கதவைச் சாத்திட்டு உள்ளேயே கிடந்தான். ஞாயித்துக்கிழமை என்னைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமேன்னுதான் எழுந்து முகம் கழுவறான். நான் வேட்டையை விட்டுட்டா, அவன் எதுக்கும்மா எழுந்திரிப்பான்?"