ஸ்வெட்டர் எதுக்கு?

ஒரு வாரமா நான் பார்த்துப் பார்த்து அடுக்கின பெட்டியை, வந்த அஞ்சாவது நிமிஷம் அண்ணன் கட்டில் மேல கவுத்துட்டான்.

என் வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலையில ஃப்ளைட். வெயிலும் புழுக்கமும் ஆளை அவிச்சு எடுத்துடுற ஊராம். அண்ணன் அதே ஊர்ல ஒன்பது வருஷம் இருந்துட்டு வந்தவன். ஏசி ஆபீஸ், உக்காந்த இடத்துல வேலை. அவனைக் கேட்டு அடுக்கலாமேன்னு இவர்தான் கூப்பிட்டார்.

எனக்கு அவன் வர்றதே பிடிக்கலை. அந்த ஒன்பது வருஷத்துல நாலு வருஷம் அப்பா படுத்த படுக்கை. குளிப்பாட்டினது, ஊட்டினது, துணி மாத்தினது எல்லாம் நான் ஒருத்தி. ஒரு நாள் தாங்க முடியாம போன்ல கேட்டே கேட்டுட்டேன்.

"நீ ஏசியில உக்காந்துக்கிட்டு அப்பா எப்படி இருக்கார்னு கேக்குற. இங்க வேகுறது நான்தானே?"

அதுக்கு அவன், உடம்பைப் பார்த்துக்க பாப்பான்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டான். திரும்பி வந்தப்போ அடையாளமே தெரியாம கறுத்துப் போயிருந்தான். கேட்டா, லீவு நாள்ல கடற்கரையே கதின்னு கிடப்பேன்னு சிரிச்சான். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அன்னியிலருந்து அவன்கூட முகம் கொடுத்துப் பேசறதில்லை.

இப்போ புது ஜீன்ஸ் ரெண்டும் ஓரமா விழுந்துது. அந்த ஈரக் காத்துல ஜீன்ஸ் காயவே காயாது, மூணாம் நாள் நாத்தம் எடுக்கும்னான். நான் ஆசையா வாங்கின பளபள சட்டை நாலும் உடம்போட ஒட்டிக்குமாம். அதுவும் போச்சு. தோல் பெல்ட்டுல பூஞ்சணம் பிடிக்குமாம்.

அதுக்குப் பதிலா அவன் பையிலிருந்து என்னென்னவோ வந்துது. பழைய முழுக்கைக் காட்டன் சட்டைங்க, வேர்க்குரு பவுடர் மூணு டப்பா, தண்ணியில கலந்து குடிக்கிற உப்புப் பொடி ஒரு கட்டு, நாலு துண்டு.

"துண்டை நனைச்சுக் கழுத்துல போட்டுக்கங்க மாப்பிள்ளை. தலை சுத்துற மாதிரி இருந்தா நிழலுக்குப் போயிடுங்க, இந்தப் பொடியைக் கலந்து குடிங்க. தொடை இடுக்குல பவுடர் போடாம கிளம்பாதீங்க, சாயங்காலம் நடக்க முடியாது."

"ஆபீஸுக்கு எதுக்கு மச்சான் துண்டு?"

அண்ணன் ஒரு நிமிஷம் தடுமாறினான். போற வழியில வெயில் அடிக்கும்ல, இருக்கட்டும்னான்.

பொறாமைதான், வேற என்ன. இவன் மட்டும் ஒன்பது வருஷம் சொகுசா இருந்துட்டு வரலாம், என் வீட்டுக்காரர் மட்டும் பழைய சட்டையும் ஈரத்துண்டுமா போய் நிக்கணும். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஊருக்குப் போற நேரத்துல சண்டை வேண்டாம்னு அடக்கிக்கிட்டேன்.

கடைசியா, நான் வச்சிருந்த ஸ்வெட்டர் அவன் கையில வந்துது. அண்ணன் சிரிச்சுட்டான்.

"இது எதுக்கு பாப்பா? கொதிக்கிற ஊருக்கு யாராவது ஸ்வெட்டர் கொண்டு போவாங்களா?"

இவர் பதில் சொல்ல வாயெடுத்தார். முந்தாநாள்தான் அந்த ஆபீஸ்லருந்து போன் பண்ணியிருந்தாங்க. வெளியில எவ்வளவு வெந்தாலும் உள்ளே ஏசி எலும்பு வரைக்கும் குளிரும், அந்த ஊர்ல எந்த ஆபீஸும் இப்படித்தான், எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்வெட்டர் இல்லாம உக்கார முடியாது, மறக்காம எடுத்துட்டு வாங்கன்னு.

அவர் கையைப் பிடிச்சு அழுத்தினேன். அவர் நிறுத்திக்கிட்டார்.

அன்னிக்கு நான் போன்ல கேட்டது இப்போ எனக்கே திரும்பக் கேட்டுது. வெக்கமா இருந்துது. அழுகை வந்துடும் போல இருந்துது.

"ஆமாண்ணா, தெரியாம வச்சுட்டேன்"னு ஸ்வெட்டரை வாங்கிக்கிட்டேன். அவன் ஒவ்வொரு துண்டா உதறி, மடிச்சுப் பெட்டியில வைக்க ஆரம்பிச்சான்.

ஒன்பது வருஷம் ஏசி ஆபீஸ்ல இருந்தவனுக்கு, அங்க குளிரும்ங்கிறதே தெரியலை.