குனியாதே

ஆடு பள்ளத்தின் அடியில் நான்கு கால்களையும் நீட்டிப் படுத்திருந்தது. அதைப் பார்த்ததுமே முகாந்தோரி கொல்லையில் கொத்துவதை நிறுத்தினாள்.

வெயில் இன்னும் ஏறவில்லை. கிவு ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. யூகலிப்டஸ் மரங்களில் ஓர் இலைகூட ஆடவில்லை.

காற்று நின்றுபோன காலையில் கரையோரப் பள்ளங்களுக்குள் யாரும் இறங்க மாட்டார்கள். நிலத்துக்கு அடியிலிருந்து கசிகிற கெட்ட காற்று அங்கே தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. வளர்ந்தவர்களுக்கு நெஞ்சளவு இருக்கும்.

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலைக்கு மேல்.

அந்தப் பிள்ளை, அவள் மகள் தேத்தா, சரிவில் குடுகுடுவென்று இறங்கிக்கொண்டிருந்தாள்.

“தேத்தா! நில்லுடி! மேல வா!”

தேத்தா நிற்கவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தாள். முழங்கால் மடங்கியது. யாரோ படுக்கவைத்ததுபோல் மெதுவாகச் சாய்ந்தாள்.

முகாந்தோரி பீன்ஸ் கொல்லையிலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்தாள். மேலே வலை உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ருகெமாவும் ஓடி வந்தார்.

“தேத்தா அம்மா, குனியாத! குனிஞ்சே, ரெண்டு பேரும் போயிடுவீங்க!”

அவள் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினாள்.

பயம் மூச்சைத் தின்றுவிடும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பத்தடி போவதற்குள் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. காலடியில் பிள்ளை கிடக்கிறது. கைநீட்டி எடுக்க முடியாது.

நின்றபடியே மண்வெட்டியைப் பிள்ளையின் கவுனில் கொக்கிபோல் மாட்டி இழுத்தாள். துணி கிழிந்தது.

மறுபடி மாட்டினாள். இந்த முறை இடுப்புக் கச்சையில். பிள்ளை நகர்ந்தது. பின்னோக்கி நடந்தே இழுத்தாள். கல்லும் முள்ளும் பிள்ளையைக் கிழிப்பது தெரிந்தும் இழுத்தாள். கண் இருண்டுவரும் நேரத்தில் ருகெமாவின் கை அவள் தோளைப் பற்றி மேலே தூக்கியது.

அவர் பிள்ளையின் வாயில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

தேத்தா இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு வீறிட்டு அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் முகாந்தோரிக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடித்த கையாலேயே வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஒரு ஆட்டுக்காகவாடி உசிர விடப் பாத்த? அது செத்தா சாவட்டும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!”

தேத்தா விக்கலுக்கு நடுவே தலையை ஆட்டினாள்.

“ஆட்ட நான் பாக்கவே இல்லம்மா. அப்பா கீழ பள்ளத்துல, அந்தப் புதருக்குப் பின்னாடி புல்லுக்கட்டு மேல தல வெச்சுத் தூங்குறாரு. கூப்ட்டேன், எந்திரிக்கல. எழுப்பிவிடத்தான் போனேன்.”

விடியுமுன்பே புல்லறுக்கப் போனவன் அவன்.

முகாந்தோரி எழப் பார்த்தாள். முடியவில்லை. ருகெமா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார்.

அவர் பள்ளத்தின் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதிலிருந்து அப்படிப் பிடித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.