அப்பாவின் கத்தியுறை

“கத்தி வெளியவே வரமாட்டேங்குதே! உறைக்குள்ள பசையை ஊத்தி வச்சிருக்கீங்களா?”

இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண் போட்ட சத்தத்தில், பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் அந்தச் சின்னக் கடையே அதிர்ந்தது.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “விரிசலை ஒட்டும்போது பசை உள்ள இறங்கிடுச்சும்மா. தப்பு என்னோடதுதான்.”

உறை என்னவோ அழகாகத்தான் இருந்தது. முழுக்கக் கொடியும் கிளியுமாகச் செதுக்கிய பழைய மரம். உடைந்திருந்த கிளி மூக்கைக்கூடப் புதிதாகச் செதுக்கி, ஒட்டுத் தெரியாமல் பொருத்தியிருந்தார். சுவரில் மாட்ட ஒரு பலகையும் தயார்.

“செத்துப்போன எங்கப்பாவோட கத்திங்க இது. வெறும் அழகுக்கா மாட்டுறோம்? ராத்திரியில அதுவா உறையை விட்டு வெளிய வரும். காலையில பார்த்தா என் புள்ள தொட்டில் பக்கத்துல கிடக்கும்!”

கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். “பயமா இல்லையாம்மா?”

“எதுக்குப் பயம்? பேரனுக்கு எங்கப்பா காவல் நிக்கிறார். போன மாசம் புள்ளையோட தலையணை ரெண்டா கிழிஞ்சு கிடந்துச்சு. ஏதோ கெட்டது வந்திருக்கு. அப்பாதான் வெட்டி விரட்டியிருக்கார். இப்ப அவர் கையைக் கட்டிப்போட்டுட்டீங்களே!”

அவள் அழுதேவிட்டாள்.

கூட வந்திருந்த புருஷன் தன் பங்குக்கு எகிறினான். “வேலை தெரியலைன்னா கடையை இழுத்து மூடுய்யா! நீ போய் கார்ல உட்காரும்மா. இந்த ஆளை நான் பார்த்துக்கிறேன்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போனாள்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க போன்ல சொன்ன மாதிரியே பசையும் ஊத்தினேன், பழியையும் ஏத்துக்கிட்டேன். எதுக்குன்னாவது சொல்லுங்க சார். உடம்பெல்லாம் கூசுது.”

அவன் வாசலைப் பார்த்தான். காருக்குள் அவள் அழுகையை மறந்து, குழந்தையின் வயிற்றில் முகம் புதைத்துச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல மத்த கத்தியெல்லாம் பூட்டி வச்சுட்டேன். அப்பா ஞாபகம்னு இதை மட்டும் பூட்ட விடமாட்டேங்கிறா.”

“ஏன் சார், உங்க மாமனார்தான் காவலுக்கு…”

“மாமனாரும் வரலை, ஒருத்தரும் வரலைங்க. தூக்கத்துல எழுந்து கத்தியை உருவிக்கிட்டுப் போறது அவதான்.” அவன் குரல் உடைந்தது. “அது அவளுக்குத் தெரிஞ்சா, அப்புறம் அந்தப் புள்ளைய அவ தொடவே மாட்டா.”