நாலு மணிக்குள்ளே

கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்த இர்ஃபான் பழைய ஹார்டு டிஸ்கைப் புது மதர்போர்டில் வேகவேகமாக இணைத்தான். மணி மூன்று ஐம்பது. பக்கத்திலேயே நின்ற கோமளவல்லி அம்மாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“விண்டோஸைப் புதுசாப் போட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்மா.”

“வேணாம் தம்பி. உள்ள இருக்கிறது எதுவும் அழிஞ்சிரக் கூடாது. நாலு மணிக்குள்ள எழுப்பிடு.”

“பழைய ஆளைப் புது வீட்டுல குடி வைக்கிறோம். சண்டை போடாம இருந்தாச் சரி.”

அவள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் இரண்டு முறை தானாக அணைந்து எழுந்தது. ஒருவழியாகப் பழைய திரை வந்தது. தப்பாகக் காட்டிய தேதியையும் மணியையும் இர்ஃபான் திருத்தினான்.

சரியாக நான்கு மணிக்கு, எப்போதோ பதிந்து வைத்த ஓர் இளைஞனின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

“அம்மா, மாத்திரை போட்டாச்சா? ஏமாத்தாத.”

“போட்டுட்டேன்டா” என்று திரையிடம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அவள் மாத்திரையைப் பிரித்தாள்.

இர்ஃபான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். “உங்க பையன் எப்பம்மா தவறினாரு?”

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்து, தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கான் தம்பி. இதே வீட்டு மாடியிலதான் குடும்பத்தோட இருக்கான். என்கூடப் பேசித்தான் ஆறு வருஷமாச்சு.”